புகமழை

உப்பளத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் மரக்காணத்தில் அளத்தில் இறங்கி வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். மேகத்தை முதலில் பார்ப்பவர் யாராக இருந்தாலும் "மூடோய்!" என்று கத்த வேண்டும். காதில் விழுந்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி, உப்புக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு கருப்பு என்று நின்று விசாரிக்கக் கூடாது. நாம் விசாரித்து முடிக்கும் வரை கோடை மழை காத்திருக்காது. வாரிக் குவித்த உப்பு கண்ணெதிரே கரைந்து பாத்திக்கே திரும்பிப் போய்விடும்.

சட்டத்துக்கு இரண்டாவது பாதியும் உண்டு. கத்தினது பொய்த்துப் போனாலும் கத்தினவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. தார்ப்பாயைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் ஊர் இந்த இரண்டாவது பாதியை ஒரே ஒரு ஆளிடம்தான் மீறியது. அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

போன வருஷத்துக்கு முந்தின கத்திரி வெயிலில் ஒரு கல்யாணம். எங்களோடு பங்குக்கு உப்பு வாருகிற ஒருவரின் மகளுக்கு. மாப்பிள்ளை வீடு கீழ்புத்துப்பட்டுப் பக்கம். மண்டபம் அளத்தை ஒட்டின சாலையில் இருந்ததால் பந்தியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எங்கள் குவியல்களைப் பார்க்கலாம். நான் இலையைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அளத்துக்காரிகளுக்கு அது ஒரு வியாதி.

முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த என் வீட்டுக்காரர் கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனார். மேற்கே சவுக்குத் தோப்புக்கு மேல் வானம் கருப்பாக, கனமாக எழும்பிக்கொண்டிருந்தது. ஈரக் கையை உதறக்கூட இல்லை, கத்திவிட்டார்.

"மூடோய்! மேக்கால ஏறிட்டு வருது, மூடோய்!"

இரண்டாவது பந்தி அப்போதுதான் உட்கார்ந்திருந்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் வடையைக் கையில் பிடித்தபடியே எழுந்தார்கள். பெண்கள் பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார்கள். நானும்தான். பெண்ணைப் பெற்றவர் மாலையைக் கழற்றி யார் கையிலோ திணித்துவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் என்ன ஏது என்று தெரியாமல் மண்டபத்து வாசலில் நின்று பார்த்தார்கள். மூச்சு வாங்க எல்லாக் குவியலையும் மூடி, கயிறு கட்டி, வானத்தைப் பார்த்து நின்றோம்.

ஒரு சொட்டு விழவில்லை. அதுவரை கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது. தோப்பு வெட்டின இடத்தில் மிச்சமாகக் கிடந்த சவுக்கு மிலாரை, அந்தச் சுள்ளிகள் பாதி பச்சையாக இருக்கும்போதே, யாரோ குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்தப் புகைதான் மேகமாக நின்றிருக்கிறது.

திரும்பிப் போனபோது சோறு ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் சிலர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். பெண்ணைப் பெற்றவர் அவர் தோளில் கை போட்டு, "உடுப்பா, யார் பாத்திருந்தாலும் கத்தியிருப்பாங்க. வா, வந்து தாம்பூலம் வாங்கு," என்றார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும். அன்றைக்கு அளத்துக்காரர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சட்டத்தை மதித்தார்கள்.

ஆனால் கைபேசிக்குச் சட்டம் தெரியாதே. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் அது எல்லார் வாட்ஸப்பிலும் வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று உப்பு, அதன் மேல் பச்சையும் சிவப்பும் மாம்பழ மஞ்சளுமாகப் பட்டுப் புடவைகள் ஓடுகின்றன. நம் வீட்டு ஆள் சம்பந்தப்படாமல் இருந்திருந்தால் நானே பத்து பேருக்கு அனுப்பியிருப்பேன். கடைசியில் எடுத்தவர் கைபேசியை வானத்துக்குத் தூக்குகிறார். பக்கத்தில் யாரோ ஒரு ஆண் குரல், "மச்சான், இது புகமழடா!" என்கிறது. பிறகு ஒரு சிரிப்பு.

அந்தச் சொல் பிறந்தது அப்போதுதான். அதற்கு முன்னால் புகை, மழை என்கிற அந்த இரண்டு சொல்லையும் யாரும் அப்படிச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று எத்தனையோ பேரைக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊர் ஆள் என்றார்கள், எங்கள் ஊரார் சமையல்காரரோடு வந்தவர் என்றார்கள். சமையல்காரரோ அன்றைக்குத் தன்னோடு பெண்கள் மட்டும்தான் வந்தார்கள் என்றார். ஒரு சொல்லுக்குத் தகப்பன் யார் என்று கேட்டுப் பாருங்கள், ஊரே உதட்டைப் பிதுக்கும்.

முதலில் அது அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. "தோ, புகமழ வர்றாரு பாரு," என்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் பட்டப்பெயர்தானே, நாலு நாள் சொல்லிவிட்டு அலுத்துவிடுவார்கள் என்று இருந்தேன். இது அப்படி அடங்கவில்லை. ஆளை விட்டு இறங்கி, தனியாக நடக்க ஆரம்பித்தது. டீக்கடையில் ஒருத்தர், "கரண்ட்டு நாலு மணிக்கு வந்துருமாம்பா," என்றால் இன்னொருத்தர், "அது புகமழடா," என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று பேச்சு அடிபட்டு லீவு விடாமல் போனால் பிள்ளைகள், "லீவு புகமழ ஆயிடுச்சி," என்றார்கள். திண்டிவனம் பஸ்ஸில் படியில் தொங்கினவர்களிடம் கண்டக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன். "பின்னாடி காலி வண்டி வருதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, எல்லாம் புகமழ. உள்ள ஏறுங்க." அவருக்கு எங்களைத் தெரியாது. அந்தக் கல்யாணமும் தெரியாது.

இப்போது யோசித்தால் அந்தச் சொல் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று புரிகிறது. எங்களிடம் பொய் என்று ஒரு சொல் இருந்தது, புரளி என்று ஒரு சொல் இருந்தது. இரண்டிலும் எவனோ ஒருத்தன் வேண்டுமென்று கிளப்பிவிட்டிருப்பான். ஆனால் யாரையும் ஏமாற்ற நினைக்காமல், தானே முழுசாக நம்பி, மற்றவர்களையும் நம்ப வைத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவதற்கு எங்களிடம் பேரே இல்லை. காலி வீட்டில் குடி வந்த மாதிரி அது வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் புரியவில்லை, கோபம் மட்டும்தான் இருந்தது.

கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. தெருக்குழாயில் ஒருத்தி, "தண்ணி ஆறு மணிக்கு உடறேன்னாங்க, புகமழதான்," என்றாள். குடத்தைக் கீழே வைத்தேன்.

"இன்னா சொன்ன?"

"இன்னாக்கா, எல்லாரும் சொல்றதுதான."

"எல்லாரும் சொன்னா நீயும் சொல்லுவியா? எம் புருஷன் உங்க வூட்டு உப்பத் திருடனாரா? உங்க உப்பு நனையக் கூடாதுன்னுதான கத்துனாரு? தின்ன சோறு தொண்டைல எறங்கறதுக்குள்ள ஓடனவருடி அவரு."

அவள் பயந்து போய்க் காலிக் குடத்தோடு திரும்பிவிட்டாள். எனக்கு ஜெயித்துவிட்ட திருப்தி. மறுநாள் அந்தச் சண்டையே கதையாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தது. அதுவரை அந்தச் சொல்லைக் கேட்காதவர்களும் கேட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் என் வாயைத் திறந்து ஊர் வாயை இன்னும் அகலமாக்கினதுதான் மிச்சம்.

இன்னொரு நாள் தார்ப்பாய் வாங்க பஜாருக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பாய், எங்களுக்கு ரொம்ப வருஷப் பழக்கம். மகன் சவுதியில் இருக்கிறான். முகம் வாடியிருக்கவே என்ன ஆச்சு என்று கேட்டேன். "பெருநாளைக்கு வந்துர்றேன்னாம்மா. டிக்கெட்டே போட்டாச்சுன்னான். அவங்கம்மா அவனுக்குன்னு ரூமெல்லாம் பெயிண்ட் அடிச்சி வெச்சா. கடைசில புகமழ ஆயிடுச்சி," என்றார். சொன்ன பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று உறைத்திருக்கிறது. "மாஃப் பண்ணிடும்மா. உங்கள நெனச்சி சொல்லல. வாய்ல அதுதான் வந்துது."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரிடம் என்ன சண்டை போடுவது? வராத மகனுக்காக அவர் அழ நினைத்தபோது அந்தச் சொல்தான் வந்து கை கொடுத்திருக்கிறது. அதில் நாங்களே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. யாரிடமாவது பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்த ஒன்று இனி எவர் கையிலும் தனியாக இல்லை என்று தெரிந்துபோனது.

அதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்தது. எங்கள் மகள் அப்போது பத்தாவது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு, "அம்மா, மேத்ஸ் டெஸ்ட்டு புகமழம்மா! மிஸ்ஸே வரல," என்று குதித்தாள். அவள் அப்பா அடுப்பங்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிசைந்த சோற்றை மறுபடி மறுபடி பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பா, சத்தியமா உன்ன நெனச்சி சொல்லலப்பா," என்று அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும்மா. போயி மூஞ்சி கழுவு," என்றார். நான் அன்றைக்குப் பூராவும் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அளத்தில் இறங்கினால் தலை நிமிராது. பலகையால் உப்பை இழுப்பார், குவிப்பார், வருவார். யாராவது, "மழ வருமா?" என்று கேட்டால் கேட்காத மாதிரி நகர்ந்துவிடுவார். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. மனிதர் குடித்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் திருத்தலாம். வாயை மூடிக்கொண்ட ஆளை என்ன செய்வது? இனி ஒரு தடவையாவது அவர் வாய் திறந்து நாலு பேர் கேட்கக் கத்துவாரா என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் கவலை.

வாயை மூடிக்கொண்டது அவர் மட்டும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அடுத்த கோடையின் ஆரம்பத்தில் ஒரு நாள் தூறல் போட்டது. மேகம் ஏறினதை எல்லோரும் பார்த்தோம். ஒருத்தரும் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். "இது வருமா, இன்னா சொல்ற?" என்று முணுமுணுத்தார்கள். தூறல் தோளில் பட்ட பிறகுதான் ஓடினோம். சின்ன மழை என்பதால் ஓரத்தில் ஒரு குவியல் கொஞ்சம் கரைந்ததோடு தப்பித்தோம். வரப்பில் நின்று தலையைத் துவட்டும்போது எனக்கு உறைத்தது. இந்த ஊரில் இனி எவனும் முதலில் கத்த மாட்டான். அடுத்த புகமழையாக யாருக்கு ஆசை?

அதே கோடையில், வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம். நாங்கள் பங்குக்காரர்கள் நான்கு குடும்பமும் அளத்தில் இருந்தோம். வரப்பு ஓரமாக உப்பு நீள நீளமாகக் குவிந்து கிடந்தது. மறுநாள் காலை லாரி வருவதாக இருந்ததால், வாரினது எல்லாம் ஏற்றத் தோதாகத் திறந்தே கிடந்தது. அந்தக் கோடை பூராவும் நாங்கள் பட்ட பாடு அதுதான். அது கரைந்தால் அவ்வளவையும் மறுபடி வார அந்த வருஷத்தில் நாட்கள் போதாது.

காற்று சட்டென்று நின்றது. பாத்தித் தண்ணீரின் நிறம் மாறினதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதுவரை கண்ணைக் கூச வைத்த தண்ணீர் மங்கிப்போயிருந்தது. நிமிர்ந்தேன். மேற்கே, அதே சவுக்குத் தோப்புக்கு மேலே, அதே கருப்பு.

கூப்பாடு தொண்டை வரை வந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் அப்பா மேற்கே பார்த்துவிட்டுச் சடாரென்று குனிந்து உப்பை இழுக்க ஆரம்பித்தார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் பார்த்தாள். புதிதாக வந்து சேர்ந்த வாலிபன் ஒருத்தன் கைபேசியை எடுத்துத் தேய்த்தான். "மழ இல்லன்னுதான் காட்டுது," என்று யாரும் கேட்காமலேயே சொன்னான். பலகைகள் இழுபடுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. எல்லோரும் பார்த்துவிட்டோம், எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் போனேன்.

"யோவ், பாத்தியா?"

"ம்."

"கத்துய்யா."

"நீ கத்து."

"நான் கத்துனா புகமழ பொண்டாட்டியும் ஆரம்பிச்சிட்டாடான்னுவாங்க."

"அப்ப நான் கத்துனா இன்னா சொல்லுவாங்க?"

அவர் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த அவர் கால்கள் இருந்த இடத்திலேயே மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. எனக்கு அவர் மேல் ஆத்திரம், ஊர் மேல் ஆத்திரம், வீடியோவில் சிரித்தவன் கையில் கிடைத்தால் அவனை உப்பிலேயே புதைத்துவிடலாம் போல ஆத்திரம். எல்லாவற்றையும்விட என் மேல்தான். குழாயடியில் அத்தனை வாய் பேசினவள், வேண்டிய நேரத்தில் ஊமையாக நிற்கிறேன். இன்னொரு பக்கம், இதுவும் வெறும் புகையாக இருந்துவிட்டால் இந்த மனிதர் இனி உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான் என்ற பயம்.

குளிர்ந்த காற்று ஒன்று வந்து காலில் மோதியது.

அவர் பலகையை வீசினார். வரப்பில் ஏறி, குவியல் மேலேயே ஏறி நின்றார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கீழே எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்த வாலிபன் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினதைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்தார். அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

"புகமழ! புகமழ வருதுடோய்! சிரிக்கிறவன் சிரிச்சிக்கினே மூடு! புகமழ!"

ஒரு நொடி அளமே அசையாமல் நின்றது. பிறகு கல்யாணப் பெண்ணின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓடினார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் ஓடினோம். இத்தனை மாதம் நெஞ்சில் இருந்த கட்டு அறுந்துபோனது போலிருந்தது. தார்ப்பாயை உதறினோம். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. கயிறு கையை அறுத்தது. கடைசிக் குவியலுக்குக் கட்டக் கயிறு போதவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா தார்ப்பாயின் ஒரு முனையில் குப்புறப் படுத்துக்கொண்டார், என் வீட்டுக்காரர் மறுமுனையில் படுத்துக்கொண்டார். அப்போது விழுந்தது மழை. கல் எறிகிற மாதிரி விழுந்தது.

நின்ற பிறகு பார்த்தால், கத்தினது காதுக்கு எட்டாத தூரத்துப் பாத்திகளில் குவியல்கள் குட்டிச்சுவர்களாக நின்றன. வாய்க்காலில் வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் உப்பு அப்படியே இருந்தது. யாரும் அவரைப் பாராட்டவில்லை, அது எங்கள் வழக்கம் இல்லை. யாரோ டீ வாங்கி வந்தார்கள். அந்த வாலிபன் முதல் டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினான். அவர் அதை வாங்கிக் கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் பக்கத்து அளத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "புகமழ! புகமழடோய்!" என் வீட்டுக்காரரைத்தான் யாரோ கேலி செய்கிறார்கள் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு திரும்பினேன். பார்த்தால் அவள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள், அவள் பின்னாலேயே எல்லோரும் ஓடுகிறார்கள். அன்றைக்கு மழை வரவில்லை. தார்ப்பாயைப் பிரித்து மடித்தார்கள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? புகையாகவும் இருக்கலாம் என்று அவளே முதலில் சொல்லிவிட்டாளே.

அப்படித்தான் அது மாறியது. வெட்கப்படுத்தப் பிறந்த சொல், வெட்கப்படாமல் கத்துவதற்கு உதவியது. "மூடோய்" என்று கத்தினால் வருவது மழைதான் என்று கத்துகிறவர் பொறுப்பு ஏற்க வேண்டும். "புகமழ" என்று கத்தினால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, மூடிவைப்போம் என்று பொருள். யாரும் கூடிப் பேசி இப்படி முடிவெடுக்கவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் எங்கள் பக்கத்தில் பழைய கூப்பாடு குறைந்து இதுதான் கூப்பாடு ஆனது. டீக்கடையில் இன்னமும் பழைய அர்த்தத்தில் சொல்கிறார்கள்தான். சொல்லட்டும். நான் குழாயடியில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வருஷம் கிளியனூரில் என் தங்கை வீட்டுக்கு இரண்டு பேரும் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டோரம் பாதி தூரத்துக்கு மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள், வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வானம் ஒரு மூலையில் கருத்திருந்தது. என் வயசுப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து கோணியோடு ஓடி வந்தாள். எங்களை அவளுக்குத் தெரியாது, அவளை எங்களுக்கும் தெரியாது. உள்ளே பார்த்து அவள் கத்தினாள்.

"புகமழ! புகமழ! வாங்க, வாருங்க!"

என் வீட்டுக்காரர் சட்டென்று வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டாரோ இல்லையோ, குனிந்து இரண்டு கையாலும் மல்லாட்டையை வாரிக் கோணியில் போட ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து வாரினேன். அவள் வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். பேச நேரமில்லை. எல்லாவற்றையும் கோணியில் கட்டித் தாழ்வாரத்தில் ஏற்றி முடித்தபோது மேகம் ஒரு சொட்டுகூடப் போடாமல் அப்படியே கடல் பக்கம் நகர்ந்துவிட்டது.

அந்தப் பெண் எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லா இருக்கணும்," என்றாள்.

என் வீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, புகமழன்னு கத்துனியே, அப்பிடின்னா இன்னாம்மா?"

"அதுவாங்க? மழ வர்ற மாதிரி இருந்தா அப்பிடித்தான் கத்துவோம். வந்தாலும் வரும், வராமயும் போவும், வாரி வெச்சிடணும். எங்க ஊருல பழைய வார்த்தைங்க அது. எங்க மாமியா, அவங்க மாமியா காலத்துலேர்ந்து சொல்றதுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்த மாமியார் காலம்? என் பட்டுப் புடவையில் உப்புக் கறை இன்னும் போகவில்லை. தெருத்தெருவாக நான் போட்ட சண்டை என்ன, என் பிள்ளை அழுத அழுகை என்ன, பேச்சில்லாமல் இந்த மனிதர் கிடந்த ஒரு வருஷம் என்ன. "ஏம்மா, அது உங்க ஊரு வார்த்த இல்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் என் காலை மிதித்தார்.

"ஆமாம்மா. பழைய வார்த்ததான். நானும் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார்.

வண்டி கொஞ்ச தூரம் போகிற வரை பொறுத்தேன். பிறகு அவர் முதுகில் ஒரு குத்து குத்தினேன்.

"ஏன்யா என்ன சொல்ல உடல? அது நம்ம வூட்டுல பொறந்ததுன்னு சொல்லியிருப்பேன் இல்ல?"

"சொன்னா அந்தப் பொண்ணு நம்பவா போவுது?"

"ஏன் நம்பாது?"

"புகமழ உடாதம்மான்னு சொல்லும்," என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சொல்லை அவர் விளையாட்டுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் உட்கார்ந்து நானும் சிரித்தேன். தங்கை வீடு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.